மார்கழி உப்பு

ஸ்டெல்லா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது என் தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மார்கழிக் காலையில் மின்விசிறி! போனில் அவளுடைய தம்பி, "விடியக்காலைல நெஞ்சு வலின்னாங்க பரிமளாக்கா. வேலூர் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார். போனை வைத்ததும், இந்தச் சூட்டைப் பற்றி இனி யாரிடம் கேட்பது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் எங்கள் டேனரியில் வேலை பார்த்தவர்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் ஆய்வகத்துக்குப் பொறுப்பு, நான் பச்சைத் தோல் குடோனுக்குப் பொறுப்பு. இருவருக்கும் ஒரே வயது. மத்தியானச் சாப்பாடு எப்போதும் ஒன்றாகத்தான். என் மீன் குழம்பில் பாதி அவளுக்குப் போய்விடும். கார்த்திகை பிறந்தால் ஒரு மெரூன் ஸ்வெட்டரை மாட்டுவாள், மாசி வரை கழற்ற மாட்டாள். குளிர் அவளுக்கு ஆகாது. ஆனால் குளிர்காலத்தை அவளைப் போல ஆசையாக எதிர்பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை. அதற்குக் காரணம் உப்பு.

ஆட்டுத் தோல் வந்து இறங்கியதும் உப்புப் போட்டு அடுக்க வேண்டும். இல்லையென்றால் கெட ஆரம்பித்துவிடும். முடியைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். வந்தால் அந்தத் தோல் போச்சு. அந்த உப்பெல்லாம் பிறகு கழுவுகிற தண்ணீரோடு பாலாற்றில்தான் போய்ச் சேரும். ஸ்டெல்லாவின் அம்மா வீட்டுக் கிணறு அந்த ஆற்றை ஒட்டி இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. "எங்கம்மா கிணத்துல நான்தான்டி உப்புப் போடறேன்" என்று என்னிடம் பலமுறை புலம்பியிருக்கிறாள். குளிரில் தோல் சீக்கிரம் கெடாது, அந்த மாதங்களிலாவது உப்பைக் குறைக்கலாம் என்று முதலாளியிடம் மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கினாள். 'மார்கழி உப்பு' என்று ஒரு பலகையில் அவளே பெயிண்ட் அடித்து, குடோன் வாசலில் மாட்டினாள். அதன் பிறகு மார்கழி பிறந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. உப்பு தானாகக் குறைந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்பு வந்த அந்த மார்கழி உங்களுக்கு நினைவிருக்கும். ஏலகிரி மேல் பனியே இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஸ்வெட்டர் விற்க வந்தவர்கள் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லாவும் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தாள்.

"நீயே கழட்டிட்டியா! காலமே மாறிப்போச்சு போ" என்றேன்.

"என் உடம்ப நம்பாதடி. எனக்கு இப்ப உக்காந்தா வேர்க்குது, நின்னா வேர்க்குது. வயசு அப்படி. இது ஊருக்கு வந்த சூடா, எனக்கு வந்த சூடான்னு போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

ஆய்வகத்துத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு குடோனுக்கு வந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. தோல் வாங்கும் நசீர் பாய், "இதெல்லாம் மேகம் கட்டுனா வர்றதுதான். எங்க அத்தா காலத்துலயே வந்திருக்கு" என்றார். உப்புப் போடும் மணி அண்ணன் விடவில்லை. "இனிமே குளிருன்றதே கிடையாது பாய். அந்தப் பலகையக் கழட்டி அடுப்புல வைங்க." இருவரும் தீர்ப்புக்காக ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள்.

"மேகம் மூடினா ராத்திரி சூடு இறங்காது, பாய் சொல்றது சரி. பூமி சூடாயிட்டு வர்றதும் நெஜம். இந்த ஒரு மார்கழி அதுல எதுன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப சகஜமாவும் இருக்கலாம்தானே மேடம்?"

"சகஜமா இருந்தாலும் சூடு சூடுதானே பாய்? தோலு காத்திருக்குமா?"

அடுக்கின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, ஒரு தோலை உருவி ஓரத்து முடியை இழுத்தாள். கொஞ்சம் கையோடு வந்தது. விரலில் ஒட்டிய அந்த முடியைப் பார்த்தபடியே நின்றாள். முழு உப்புப் போடச் சொன்னால் அவள் சண்டை போட்டு வாங்கிய திட்டம் அன்றோடு முடிந்துவிடலாம். அவள் தெர்மாமீட்டரைப் பார்த்தாள், நிமிர்ந்தாள். "மணி அண்ணே, முழு உப்பு. எல்லா அடுக்கையும் பிரிச்சுப் போடுங்க" என்றாள்.

விஷயம் தெரிந்து முதலாளி வந்தார். "உங்க மார்கழி உப்பு இன்னா ஆச்சு மேடம்?" என்றார், கொஞ்சம் நக்கலாக.

"தப்பாப் போச்சு சார். உப்பக் குறைச்சது தப்பில்ல. மாசத்தப் பார்த்துக் குறைச்சதுதான் தப்பு."

சொல்லிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, தான் எழுதிய பலகையைத் தானே கழற்றினாள். அந்த இடத்தில் தெர்மாமீட்டரை மாட்டினாள். தோல்கள் பிழைத்தன. அன்று சாப்பிடும்போது மட்டும் அவள் கண் கலங்கியது. அம்மா கிணற்றை நினைத்திருப்பாள்.

அன்றிலிருந்து எங்கள் குடோனில் ஒரு வழக்கம். லாரி வந்ததும் மணி அண்ணன், "இன்னைக்கு இன்னா உப்பு?" என்று குரல் கொடுப்பார். யாராவது போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் நல்ல பனி. மெரூன் ஸ்வெட்டர் திரும்பி வந்தது. "இன்னா மணி அண்ணே, குளிரே கிடையாதுன்னீங்க?" என்று அவரைக் கிண்டலடித்தபடியே உப்பைக் குறைக்கச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. பிறகு வந்த வருடங்களில் சில மார்கழி குளிர்ந்தது, பல மார்கழி குளிரவில்லை. "வருஷத்த ஒண்ணொண்ணாப் பார்த்தா எல்லாமே அதிசயம்தான்டி. சேர்த்துப் பார்க்கணும்" என்பாள். போன மாதம் கேட்டபோது தயங்காமல் சொன்னாள்: "இப்பச் சொல்றேன், மாறிட்டுதான் வருது. சூடான மார்கழி அப்பவும் உண்டு. இப்ப ஜாஸ்தி வருது. அதுக்காக, குளிர்ற அன்னைக்கும் நான் ஏன் உப்பக் கொட்டணும்?"

செய்தி வந்த அன்றே அடக்கம். அவள் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. நசீர் பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இந்தச் சூடு சகஜந்தானான்னு கேக்க ஆள் இல்லாம போச்சே பரிமளாம்மா" என்றார்.

சாயங்காலம் திருப்பத்தூரிலிருந்து லாரி வந்தது. தோல் எதற்கும் காத்திருக்காது என்பதால் நானும் குடோனுக்குப் போயிருந்தேன். மணி அண்ணன் அன்றும் கேட்டார்: "இன்னைக்கு இன்னா உப்பு?"

எனக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. முழு உப்பு என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் காலையிலிருந்து அழுத உடம்பு அது. ஊருக்கு வந்த சூடா, எனக்கு வந்த சூடா?

"இருங்கண்ணே, போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்தேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு வாக்கியம்தான். எனக்கு இது போதும்.