நாலிலிருந்து ஐந்து வரை

2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஸஹர் உணவுக்கு எழுப்பும் அறிவிப்புக் கேட்டு விழித்தேன். எங்கள் தவக்காலமும் கல்முனையின் நோன்பும் அந்த வருடம் சேர்ந்து வந்திருந்தன. கிணற்றடியில் குளித்து, காலைச் செபம் சொல்லி, சீனி போடாத வெறுந்தேநீர் குடித்தேன். தவக்கால வெள்ளிகளில் எனக்கு ஒருசந்தி; பகல் ஒரு நேரம் மட்டும் சாப்பாடு. மனைவி மட்டக்களப்பில் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தாள். எட்டு மணிக்கு முன்னறையில் உட்கார்ந்து, சிங்களத்தில் இருந்த இரண்டு பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தேன். மொழிபெயர்ப்புத்தான் என் தொழில். நடுப்பகல் ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகள் மூடிய பிறகு என்னிடமும் யாரும் வருவதில்லை. சாப்பிட்டு, சற்றுப் படுத்து எழுந்து, நாலு மணிக்கு உள்ளறைக் கதவைச் சாத்தினேன்.

நாலிலிருந்து ஐந்து வரை என் செப நேரம். பல வருடப் பழக்கம். கைபேசியையும் அணைத்துவிடுவேன். படிவம் நிரப்பித் தரக் கேட்டும், ஏணி கேட்டும், சும்மா கதைக்கவும் ஆட்கள் வரும் வீடு இது. ஆகவே பக்கத்து வீட்டுக் காக்காவிடம், "நாலுக்கும் அஞ்சுக்கும் இடையில நான் செபத்தில இருப்பன்" என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட; இங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். சொன்ன நாளிலிருந்து அந்த நேரத்தில் அவர் வந்ததே இல்லை.

அன்று உள்ளே நான் செய்துகொண்டிருந்தது எழுத்து வேலை. மாலையில் கோவிலில் சிலுவைப்பாதை, இயேசுவின் பாடுகளைப் பதினாலு நிலைகளில் நினைக்கும் செபம். ஒவ்வொரு நிலைக்கும் உரிய சிந்தனையை எழுதி வாசிப்பது என் பொறுப்பு. கேற் திறக்கும் சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. வந்தவர் திரும்பியிருப்பார் என்று நினைத்து எழுதிக்கொண்டே இருந்தேன். எட்டாம் நிலையில் ஒரு வசனம் சரிவராமல் எழுந்து யன்னலடிக்குப் போனபோதுதான், காக்கா வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் ஹெல்மட்.

"என்ன காக்கா, கூப்பிட்டிருக்கலாமே!"

"தொழுகையில நிக்கிற ஆளக் கூப்பிடேலுமா தம்பி? இப்ப முடியும், இப்ப முடியும் எண்டு இருந்தன். எங்கட பின்னேர அசர் தொழுகை பத்து நிமிசம்தானே. நீங்க ஒரு மணித்தியாலமும் நிண்டு தொழுவீங்க எண்டு எனக்கென்ன தெரியும்?"

"நான் எழுதிக்கொண்டிருந்தன், காக்கா."

"எழுதினீங்களா? அப்ப நான் சும்மாவா இங்க காய்ஞ்ச?"

சிரிக்க முயன்றார், முடியவில்லை. அவருடைய மூத்த மகள் முதற் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். மருமகன் கட்டாரில். நாளைக்கு என்றிருந்த ஒப்பரேசனை இன்றைக்கே செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஐந்து மணிபோல் உள்ளே எடுப்பார்கள்.

"வாப்பா வராம உள்ள போகமாட்டன் எண்டு அழுறாளாம். உம்மாக்காரி பக்கத்திலதான் நிக்கிறா. ஆனா அவளுக்குச் சின்ன வயசில இருந்தே பயமெண்டா நான்தான் வேணும். என்ட வயசான வாப்பாவ ஆரிட்ட விட்டுட்டுப் போற? நற்பிட்டிமுனையில இருக்கிற என்ட தம்பிக்கு எடுத்தா போனத் தூக்கிறானில்ல."

அவருடைய தகப்பனார் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருப்பவர். விழுங்குவதில் சிரமம். அவர் இருமினால் என் வாசற்படிக்குக் கேட்கும்; அதற்கு மேல் தூரம் தனியே விட முடியாது.

மணி நாலரை தாண்டியிருந்தது. ஐந்தரைக்குச் சிலுவைப்பாதை. என் மேசையில் ஆறு நிலைகள் இன்னும் எழுதப்படவில்லை. இவற்றையெல்லாம் நான் நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அவருடன் போனேன்.

"தலைய உசத்தி வெச்சி, கரண்டியாலதான் குடுக்கணும். விழுங்கினாப் பிறகுதான் அடுத்த கரண்டி. கதைச்சிக் கதைச்சிக் குடுக்காதீங்க, புரைக்கேறும்" என்று சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

கைபேசியைத் திறந்து எங்கள் கோவில் பங்குச் சுவாமியை அழைத்தேன். காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப பதினாலு நிலையையும் பக்கத்து வீட்டிலயே முடிக்கப் போறீர். சரி, இருக்கிற புத்தகத்தில நான் வாசிக்கிறன். சனம் சந்தோசப்படும், உம்மடத விட அது கட்டை, கெதியா முடியும்."

முதியவர் கண்ணை மூடிக் கிடந்தார். பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். நற்செய்தியில் மகள் சாகக் கிடக்கிறாள் என்று இயேசுவைக் கூட்டிப்போகும் ஒரு தகப்பன் வருவான். வழியில் நோயாளிப் பெண் ஒருத்தி அவருடைய ஆடையைத் தொட, இயேசு நின்று அவளோடு கதைப்பார். குறுக்கீட்டை ஏற்றுக்கொள்வதற்கு உதாரணமாக அந்தப் பகுதியைப் பலமுறை கோவிலில் விளக்கியிருக்கிறேன். பக்கத்தில் நின்று காத்திருந்த தகப்பனைப் பற்றி ஒரு வரியும் சொன்னதில்லை. அவன் கோபப்பட்டதாக எழுதப்படவில்லை. ஆனால் அவன் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! என் வாசற்படியில் இருந்தவருக்கும் அப்படித்தான் அடித்திருக்கும். உள்ளே நான் எட்டாம் நிலையின் வசனத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தைக் கடவுள் என்னிடம் கேட்கவில்லை. நானே ஒதுக்கி, நானே அதற்குக் காவலும் வைத்தேன். கடவுளிடமிருந்து வருவது அந்தக் காவலையும் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது.

முதியவர் கண் திறந்தார். பேச்சுக் குழறினாலும் விளங்கும்.

"நீ நோன்பா?"

"ஓம் வாப்பா, எங்கட ஒருசந்தி."

"தண்ணி குடிப்பாயா?"

"குடிப்பன்."

"பகல் சோறு?"

"ஒரு நேரம் சாப்பிட்டன்."

"தண்ணியும் குடிச்சி, சோறும் திண்டு... நல்ல நோன்புதான்!" சிரிப்பில் அவர் உடம்பு குலுங்கியது. புரைக்கேறுமோ என்று நான் பயந்து எழுந்தேன்.

கஞ்சியைக் கொண்டுவந்தபோது வாயை மூடிக்கொண்டார். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, அவர் பிடிப்பதும் இல்லை. ஆனாலும் பின்னேரமானால், நோன்பு திறக்கும் தொழுகை அழைப்பான பாங்கு சொல்லும்வரை எதையும் தொடமாட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. காத்திருந்தோம். தெருவில் மோட்டார் சைக்கிள் போகும்போதெல்லாம் அவர் கண் கதவுக்குப் போனது. பாங்கு ஒலித்ததும், நசித்து ஊறவைத்திருந்த பேரீச்சம்பழத்தைக் கரண்டி நுனியால் கொடுத்தேன். பிறகு கஞ்சி. விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்தே அடுத்த கரண்டியை எடுத்தேன்.

கிண்ணம் பாதியானபோது காக்கா அழைத்தார். "தம்பி, பொம்புளப் புள்ள! தாயும் புள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்."

"மகளைப் பாத்தீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க."

"பாத்த பாத்த. ஒப்பரேசன் தியேட்டர் கதவடியில. தள்ளிக்கொண்டு போறாங்க, நான் ஓடுறன். கையப் புடிச்சாள். 'வாப்பா, எங்க போன நீங்க' எண்டு ஏசினாள். இன்னும் ரெண்டு நிமிசம் போயிருந்தா உள்ள எடுத்திருப்பாங்க."

கைபேசியை முதியவரின் காதில் வைத்தேன். "புள்ளைட காதில பாங்கு சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். சொன்னதாகப் பதில் வந்தது. நல்ல பக்கத்துக் கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்.

எட்டு மணிக்கு நற்பிட்டிமுனைத் தம்பி ஓடிவந்து பொறுப்பேற்றார். வெளிக்கிடும்போது காக்காவை மறுபடி அழைத்து, இனிமேல் எந்த நேரமானாலும் கதவில் தட்டும்படி சொன்னேன்.

"தொழுகையில நிண்டாலுமா?"

"நிண்டாலும்."

"உங்கட மார்க்கம் லேசான மார்க்கம் தம்பி" என்றார்.

வீட்டில் மேசை விட்டபடியே கிடந்தது. மீதி நிலைகளை எழுதவில்லை.

மறுநாள் காலை குளிப்புக்கும் செபத்துக்கும் முன் பக்கத்து வீட்டுக்குப் போனேன். தம்பி வயலுக்குப் போய்விட்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காக்கா, சட்டையும் கழற்றாமல், வாப்பாவின் கட்டிலடியில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். முதியவர் விழித்திருந்தார், விரிப்பு நனைந்திருந்தது. காக்காவை எழுப்பாமல் விரிப்பை மாற்றி, முதியவரின் தலையை உயர்த்தி, காலைக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன்.