கேட்காமல் செய்த கவாத்து

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று, மலைமேல் வாழவந்தி நாட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கேட்டைத் திறந்ததும் மரத்தடியில் ஒரு கட்டு கிடந்தது. பச்சை ரோஜாக் கொடிகள். ஒரே அளவாக நறுக்கி, அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வெட்டியதைக்கூட என்றாவது மன்னித்திருப்பேன். அவ்வளவு நேர்த்தியாகக் கட்டி வைத்திருந்ததைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தவர் அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த கண்காணிப்பாளர். கவாத்துக் கத்திரியைத் துடைத்தபடி வந்தார்.

"ஏனுங்க மேடம், வந்துட்டீங்களா? உங்க ரோஜா காடாட்ட மண்டிக் கெடந்துச்சு. கவாத்துப் பண்ணி உட்டுட்டனுங்க. இனிப் பாருங்க, கொத்துக் கொத்தாப் பூக்கும்."

"யாரைக் கேட்டு சார் வெட்டுனீங்க?"

"இதுக்கெல்லாம் கேக்கோணுமாங்க? ஒரு உதவிதானுங்களே!"



மலைக்கு மாற்றலாகி வந்த முதல் மழைக்காலத்தில் நட்ட செடி அது. மரத்தில் ரோஜா ஏற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சேந்தமங்கலத்தில் செடி விற்பவரிடம் கேட்டால், எந்தத் தொட்டியைக் காட்டினாலும் "ஏறுமுங்க" என்றார். அவை ஜன்னல் உயரத்துக்கு ஏறும். மரத்துக்கு அது போதாது. மரத்தோடு போட்டி போடுகிற முரட்டுக் கொடி வேண்டும். அப்படி ஒன்றைக் கடைசியில் ஒரு தோட்டத்து வேலியில் கண்டேன். சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். வேலியில் இருந்து பக்கத்துப் பலாமரத்தின் மேலே போய் மறுபக்கம் தொங்கியது. குச்சி கேட்டதும் அந்த வீட்டுப் பெண் சிரித்தார். "இது மாடு வராம இருக்க வெச்சதுங்க. தலைல வெக்கக்கூட ஆகாது. நல்ல ரோஜாவாப் பாத்து வெய்யி கண்ணு." ஆனாலும் வெட்டிக் கொடுத்தார்.

எந்த மரம் என்பதையும் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. வீட்டைச் சுற்றி இருந்தவற்றில் பலாமரத்தடியில் வெயில் விழாது. ஆரஞ்சு மரம் கொடியின் பாரத்தில் ஒடிந்துவிடும். சில்வர் ஓக் மரங்கள் எல்லாவற்றிலும் மிளகுக்கொடி. ஒன்றில் மட்டும் மிளகு வாடிச் செத்து, காய்ந்த தண்டுகள் மரத்தைக் கவ்விக்கொண்டிருந்தன. வீட்டுக்குச் சொந்தக்காரர் அதை எனக்கு விட்டுக் கொடுத்தார். மரத்தின் வேரோடு தண்ணீருக்குச் சண்டை வராதபடி சற்றுத் தள்ளிக் குழி எடுத்து, காற்று வரும் பக்கமாக நட்டேன். காற்றே கொடியை மரத்தின் மேல் சாய்க்கும்.

இந்த ரோஜாவுக்கு ஒரு விதி உண்டு. இந்த ஆண்டு விடும் தண்டில் அடுத்த ஆண்டுதான் பூக்கும், அதுவும் ஒரே முறை. தண்டை வெட்டினால் வெட்டுவது வரப்போகும் பூவை. தொட்டியில் வளரும் ரோஜா அப்படியல்ல; வெட்ட வெட்டத் துளிர்த்துப் பூக்கும். கண்காணிப்பாளர் வளர்த்தது அந்த வகை. அவரிடம் இதை மரத்தடியிலேயே நிறுத்திச் சொல்லியிருந்தேன். "அப்படிங்களா, அப்படிங்களா" என்று தலையாட்டினார். கோடையில் எனக்கு மாற்றல் என்பதும் அவருக்குத் தெரியும். நட்டதில் இருந்து செடி இன்னும் ஒருமுறையும் பூத்திருக்கவில்லை; அந்தப் பூவைப் பார்க்க எனக்கு இருந்தது அந்த ஒரு பருவம்தான்.

அலுவலகத்தில் நான் கோபப்பட்டதாகப் பேச்சானது. "நல்லது செஞ்சா இப்படித்தானுங்க" என்று என் காதுபடவே சொன்னார். மற்றவர்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். செடியை இழந்தவள் நான். சமாதானம் சொல்லப்பட்டது கத்திரிக்காரருக்கு! வீட்டுக்காரர் மட்டும், "முள்ளுக்கு இத்தன சண்டைங்களா? உங்க ரெண்டு பேரையும் வேலிக்கு வெச்சா மாடே வராதுங்க" என்றார்.

பனி குறையத் தொடங்கிய ஒரு காலை, மரத்தின் உச்சிக்கருகில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு தண்டு, காய்ந்த மிளகுத் தண்டுகளுக்குள் நுழைந்து மறைந்தே ஏறியிருந்தது. கத்திரிக்கு அது தெரியவில்லை. சில நாட்களில் கொத்துக் கொத்தாக மலர்ந்து சாலை வரை மணத்தது.

அவர் அலுவலக ஆட்களைக் கூட்டி வந்து காட்டினார். "பாத்தீங்களா? கத்திரி பட்ட ராசி!"

"சார், நீங்க வெட்டுன பக்கத்துல ஒரு பூ காட்டுங்க."

வெட்டிய அடித்தண்டுகளில் இலைதான் தழைத்திருந்தது. அவர் அசரவில்லை. "அதுக்கும் நேரம் வரோணுமில்லீங்க."

பூ உதிர்ந்தது. இந்த வகைக்கு உண்மையான கவாத்து அப்போதுதான். பூத்து முடிந்த தண்டை எடுத்துவிட்டுப் புதிய தண்டுக்கு இடம் விட வேண்டும். அவருடைய கத்திரியை இரவல் கேட்டேன்.

"என்னங்க மேடம், இத்தன பூத்த கொடிய வெட்டறீங்களா? எப்படீங்க மனசு வருது?" கத்திரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பாவி மனிதர், கண் கலங்கக்கூடச் செய்தார். வீட்டுக்காரரின் அரிவாளால் அறுத்தேன்.

மாற்றல் உத்தரவு வந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் மாலை அவரே வந்தார். "செடியப் பத்திக் கவலையே வேண்டாமுங்க. நான் பாத்துக்கறனுங்க."

மறுநாள் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. புதிய தண்டுகளை ஒவ்வொன்றாக மரத்தின் பின்பக்கம் கொண்டுபோய், காய்ந்த மிளகுத் தண்டுகளுக்குள் செருகிப் பழைய துணியால் கட்டினேன். கையெல்லாம் முள் கீறியது. முன்பக்கம், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, இரண்டை மட்டும் விட்டு வைத்தேன். அவருக்கும் வெட்ட ஏதாவது வேண்டுமே.