கட்டிலின் மேல் இருந்த சுருள்

வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய மர அலமாரிகளைப் பழுதுபார்க்கும் கம்பெனி அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்தது. நான் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் காலை ஓர் அலமாரியின் பூட்டை உடைத்தபோது, உள்ளே வெல்வெட் துணி போர்த்தி, கைக்குழந்தை அளவில் ஏதோ நின்றிருந்தது. பிரித்தோம். இரண்டு கட்டைகளில் சுற்றிய தோல். பத்தி பத்தியாகக் கறுப்பு எழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.

தூசி படாத இடம் முதலுதவி அறைதான். அங்கிருந்த கட்டிலின் தலைமாட்டில் வைத்தேன்.

மதியம், பழவேற்காட்டிலிருந்து பாலிஷ் வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தலைசுற்றியது. அந்தக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வந்தேன். பத்து நிமிடம் கழித்துப் போனால், சுவரோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, கீய குந்திக்கினு கீற?"

"யாரோ எழுந்திருன்னாங்கக்கா. அதட்டல. மெதுவாதான் சொன்னாங்க. ரெண்டு தபா."

"ஃபேன் சத்தமா இருக்கும்."

"கரண்டே இல்லியேக்கா."

அண்ணாந்து பார்த்தேன். விசிறி நின்றிருந்தது.

மறுநாள், சரக்கு அனுப்பியவர்களிடம் விசாரித்து, அவர்கள் கொடுத்த எண்ணுக்குப் பேசினேன். கொச்சியில் வாழும் யூதப் பெரியவர். முன்பு சென்னையில் வேலை பார்த்தவராம். அது அவர்களுடைய வேதச் சுருள் என்றார்.

"வெறுங்கையால தொடாதீங்கம்மா. துணி போர்த்தியே இருக்கட்டும். தரையில வைக்காதீங்க. இப்ப எங்க இருக்கு?"

"கட்டில் மேல, சார்."

"அப்ப அந்தக் கட்டில்ல யாரும் உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது. எங்க சட்டம் அது."

நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்டார்.

நான்காம் நாள் அவரே ரயிலேறி வந்தார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சுருளை விரித்துப் பார்த்தார். பல எழுத்துகள் உதிர்ந்திருந்தன.

"இனி இத வாசிக்க முடியாது. மனுஷங்கள அடக்கம் பண்ற மாதிரி இதையும் பண்ணணும். மண்பானையில வெச்சு."

சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் பட்டறை வழியாக நடந்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து நின்றோம்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. அங்கே வேதம் படித்த மனிதர் ஒருவர் காலமானாராம். அவருடைய கல்லறைக்குப் பக்கத்திலேயே சுருள் வைத்த பானையைப் புதைத்துவிட்டார்களாம்.

பாலிஷ் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அவள் மரத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஒண்டியா வெக்கலியே. அது போதும்க்கா."