புளோரன்ஸ் சந்தையில் நான் அடித்த கொமிஷன்

பஸ் புறப்படும் நேரம் தாண்டிவிட்டது. மரகதம் அன்ரி இன்னும் சந்தையில் நின்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பயண முகவர் நிலையத்தில் வேலை பார்த்தேன். இத்தாலிய வரலாறு கொஞ்சம் வாசித்திருந்ததால், ரொறன்ரோவிலிருந்து இத்தாலிக்குப் போன தமிழ்ச் சுற்றுலாக் கூட்டத்துக்கு என்னை வழிகாட்டியாக அனுப்பினார்கள். வரலாற்றை யாரும் கேட்கவில்லை. தோல் ஜாக்கெற் எங்கே மலிவு என்றுதான் கேட்டார்கள். காலையில் தெருச் சந்தையில் ஒரு கடையைக் காட்டினேன். பலரும் அங்கேயே வாங்கினார்கள்.

அன்ரி மட்டும் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸிலிருந்த மருமகனுக்காக ஒரு ஜாக்கெற்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பாதி விலை கேட்பார், நடப்பார். கடைக்காரர் நாலடி போகவிட்டுக் கூப்பிடுவார். அன்ரி திரும்பி வந்து கொஞ்சம் கூட்டுவார், மறுபடி நடப்பார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருந்தது.

"அன்ரி, ரோமிலை பிளேனை விட்டிடுவம்."

"சும்மா இரும் தம்பி. இன்னும் ஒருக்கா நடந்தனெண்டால் ஆள் விழுந்திடுவான்."

பிளேனைத் தவறவிட்டால் என் வேலை போய்விடும். முதலாளி அதைத் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அன்ரி அடுத்த முறை நடந்தபோது, அவர் கேட்ட விலைக்கு மேல் மிச்சத்துக்கான லீரா நோட்டுகளைக் கடைக்காரர் கையில் வைத்துக் கண்ணைக் காட்டினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு அன்ரியைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் ஏறியதும் அன்ரி விலையை எல்லோருக்கும் அறிவித்தார்.

"நாங்கள் அதே கடையிலை இரட்டிப்பு விலையெல்லோ குடுத்தனாங்கள்?" என்றார் பின் சீற்றில் இருந்த ஒருவர். "உவர்தானே கூட்டிக்கொண்டு போனவர். நல்ல கொமிஷன் அடிச்சிருக்கிறார்."

உண்மையைச் சொல்லத் திரும்பினேன். அன்ரி ஜாக்கெற்றை மடியில் வைத்து, பரிசு வாங்கிய பிள்ளைபோல் இருந்தார். முன்பக்கம் திரும்பி மைக்கை எடுத்து, ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசினேன். பிளேனைப் பிடித்துவிட்டோம்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார்.

"கொமிஷன் எடுத்தனீராம்?"

"இல்லை அண்ணை."

"ஒரு பஸ் சனமும் பொய் சொல்லுமே? எடுத்தது பிழையில்லை ஐசே. ஒஃபிஸுக்குப் பாதி தரவேணும். இல்லையெண்டால் வேறை ஆளைப் பாப்பன்."

மல்வேர்னில் வீட்டு வாடகை கட்டவேண்டியிருந்தது. வாங்காத கொமிஷனில் பாதியைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். முதலாளியின் முகம் மலர்ந்தது.

"அடுத்த கூட்டத்தையும் நீரே கொண்டுபோம். அந்தக் கடையை மட்டும் விட்டிடாதையும்."

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பேரம் பேசும் இருவருக்கும் அதை முடிக்கத் தெரியும். இடையில் மூன்றாவது ஆளாக நுழையாதீர்கள். நுழைந்தால் கடைசிவரை விலை கட்டுவது நீங்கள்தான்.