மாமா பந்தை அடிக்காத ஞாயிறு

கோல்ஃப் பந்தை அடிப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை பதினான்கு. அவற்றை என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இலக்கமிட்டு எழுதியது நான். சொல்லச் சொல்ல எழுதவைத்தது மாமா. முதலாவது, கால்கள் தோளகலத்தில் இருக்க வேண்டும். நான்காவது, இடது முழங்கை மடங்கக் கூடாது. ஒன்பதாவது, தலை அசையக் கூடாது. பதினான்காவது, உடம்பைத் தளர்வாக வைத்திருக்க வேண்டும். முதல் பதின்மூன்றையும் செய்துகொண்டிருக்கும் ஒரு மனிதரால் பதினான்காவதைச் செய்யவே முடியாது என்பது பத்து வயதில் எனக்கே விளங்கியது. இன்று இயந்திரங்களுக்குச் சோதனைப் பட்டியல் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். ஒன்றோடொன்று மோதும் இரண்டு கட்டளைகளை ஒரே பட்டியலில் நான் சேர்ப்பதில்லை.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் முன்னறையில் தங்கியிருந்தார். யுத்த காலம். புறக்கோட்டைப் பக்கம் ஒரு கொம்பனியில் படம் வரையும் வேலை, ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். நிரந்தரமானால் கொம்பனி கடிதம் கொடுக்கும். கடிதம் இருந்தால், ‘கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்’ என்று, வடக்கிலிருந்து வந்த தமிழர் செய்தாக வேண்டிய பொலிஸ் பதிவில் கேட்கும் இடத்தில் எழுத ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் அவர் திரும்பிப் போக வேண்டும், அல்லது ஒருநாள் பிடித்துக்கொண்டு போவார்கள். பெரியவர்கள் இதைத் தாழ்ந்த குரலில் மட்டுமே கதைத்ததால் எனக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்தது.

கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மனேஜர் ஒரு கோல்ஃப் பைத்தியம். ஒரு வெள்ளிக்கிழமை மாமாவிடம், அடுத்த வாரம் ஞாயிறு திடலுக்கு வா, ஆள் குறைகிறது என்று சொல்லிப் பழைய மட்டை ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டார். மாமா அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டார். சோதனைச்சாவடிகளைத் தாண்டி மட்டையை பஸ்ஸில் கொண்டுவருவதற்காக, இது விளையாட்டுப் பொருள் என்று மனேஜரிடம் சிங்களத்தில் ஒரு கடதாசித் துண்டு எழுதி வாங்கினார். நூலகத்தில் ஒரு புத்தகமும் எடுத்தார். மட்டையைப் பிடிக்கும் விதத்துக்கு மட்டும் அதில் பதினொரு படங்கள் இருந்தன.

கடற்கரையில் பழகலாமே என்றேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் இரும்புக் கம்பியை வீசிக்கொண்டு நிற்பதா என்று அம்மா என்னை முறைத்தார். ஆகவே மொட்டைமாடிதான் கிடைத்தது. புல்லுக்குப் பதில் தும்புக் கால்மிதி. பந்துக்குப் பதில் சுருட்டிய சொக்ஸ். காயும் உடுப்புகளுக்கு நடுவே மாமா நிற்பார். நான் இலக்கத்தை வாசிக்க வேண்டும், அவர் செய்ய வேண்டும். பதினான்கு வருமுன் இரண்டாவது குலைந்துவிடும். பிறகு மீண்டும் முதலிலிருந்து. உடுப்பு எடுக்க வந்த மேல்வீட்டு அன்ரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன தம்பி, பாம்போ?”

“இல்லை அன்ரி, கோல்ஃப்.”

“ஓ. நிண்டு யோசிக்கிறதைப் பாத்து, எந்தப் பக்கம் அடிக்கிறதெண்டு தெரியாமல் நிக்கிறீராக்கும் எண்டு நினைச்சன்.”

ஒரு பின்னேரம் பொறுமை இழந்து மட்டையைப் பறித்தேன். சும்மா ஒரு வீச்சு வீசினேன். சொக்ஸ் இரண்டு கொடிகளைத் தாண்டித் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் விழுந்தது.

“பாத்தீங்களே? யோசியாமல் அடியுங்கோ மாமா.”

“உனக்கு முழங்கை மடங்கினது பிள்ளை,” என்றார் மாமா.

ஒன்பது நாள் இப்படிப் போனது. ஞாயிறு காலை, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, வழிக்கு நல்லது என்று அம்மா சொன்னார். இலக்கம் வாசிக்கத்தான் என்று நினைத்து, கொப்பியை எடுத்துக்கொண்டேன்.

யாருமே உட்காராத இவ்வளவு புல்லை நான் அதற்கு முன் கண்டதில்லை. மனேஜரும் அவருடைய இரண்டு நண்பர்களும் ஏதோ முகத்தில் மொய்க்கும் இலையானை விரட்டுவது போல ஆளுக்கொரு அடி அடித்துவிட்டு விலகி நின்றார்கள். மாமாவின் முறை வந்தது. கால்களை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். நான் மனதுக்குள் நாற்பது வரை எண்ணினேன். நண்பர்களில் ஒருவர் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து அதில் பாதியைக் குடித்திருந்தார். முதல் அடியில் மண்கட்டி பறந்தது, பந்து இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாவது வெறும் காற்று. மூன்றாவதில் பந்து ஒரு கோழி நடக்கும் தூரம் உருண்டது.

“சும்மா அடி, ஐசே. யோசிக்காதே,” என்று மனேஜர் இங்கிலிஷில் சொன்னார். நான் ஒன்பது நாளாகச் சொன்னது அதுதான்.

மாமா, “யெஸ் சேர்,” என்று சொல்லிவிட்டுக் குனிந்து, தன் பாதங்கள் தோளகலத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தார். இவர் யாரென்றே தெரியாது என்று சொல்ல நான் தயாராக இருந்தேன்.

எல்லாம் முடிந்து ஜிஞ்சர் பியர் குடிக்கும்போது மனேஜருக்கு ஏதோ நினைவு வந்தது. கடிதத்தில் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டாயிற்று, மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள் என்றார். பந்துக்கும் கடிதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. உண்மையாகவே ஆள்தான் குறைந்திருக்கிறது. மாமா மூன்று தரம் நன்றி சொன்னார். நான் வீணாய்ப் போன ஒன்பது பின்னேரங்களை நினைத்துக்கொண்டு ஸ்ட்ரோவைக் கடித்தேன்.

திரும்பி வரும்போது, வெள்ளவத்தைக்கு ஒரு பஸ் தரிப்பு முன்னால், சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து ஆண்களை இறங்கச் சொன்னார்கள். நான் யன்னலால் பார்த்தேன். கேட்பதற்கு முன்பே அடையாள அட்டை மாமாவின் வலது கையில் இருந்தது, படம் வெளியே தெரியும்படி. பையின் சிப் திறந்திருந்தது. மட்டைக்கு மேல் அந்தச் சிங்களத் துண்டு. ஆமிக்காரனிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நின்று பெயர், வேலை, விலாசம் மூன்றையும் சிங்களத்தில் தடக்காமல் சொன்னார். ஆமிக்காரன் மட்டையை எடுத்து ஒருமுறை வீசிப்பார்த்துச் சிரித்தான். மாமாவும் அதே நேரத்தில், அதே அளவுக்குச் சிரித்தார். ஓர் அசைவு கூடவில்லை, ஓர் அசைவு குறையவில்லை. வரிசையில் மற்றவர்கள் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நிற்க, மாமா முதல் ஆளாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும்வரை அடக்கிவைத்திருந்தேன்.

“செக்பொயின்ற்றில செய்த மாதிரிப் பந்தையும் அடிச்சிருக்கலாந்தானே மாமா? அங்க நீங்கள் ஒண்டுமே யோசிக்கேல்லை.”

மாமா மட்டைப் பையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

“ஓம்,” என்றார்.

இவ்வளவு இலேசாக ஒத்துக்கொள்கிறாரே என்று எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. என் கையைப் பிடித்திருந்த அவருடைய கை வியர்வையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. திடலில் நின்ற வெயில்தான் என்று நினைத்தேன். என் கையை இழுத்தெடுத்துக் கவுணில் துடைத்துக்கொண்டேன்.