மஞ்சள் என்று தூக்கிப்போன வௌவால் பூ

என் கணவரின் கருமாதியன்று, பந்தி நடந்துகொண்டிருந்தபோது, நாத்தனார் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அந்தக் கருப்புப் பூவ இவதான் கொண்டாந்து வச்சா. அது பூத்துச்சு, என் தம்பி போயிட்டான்." ஒருவரும் மறுக்கவில்லை. சிலர் தலையை வேறு ஆட்டினார்கள்.

வௌவால் பூச்செடி அது. செமோர் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, ஓடைக்கரையிலிருந்து நான்தான் பிடுங்கி வந்தேன். சிறகு விரித்த மாதிரி கறுத்த பூ, கீழே நீள நீளமாக மீசை. அது பூத்த வீட்டில் சாவு விழும் என்பார்கள். பூத்த வாரமே அவருக்கு மாரடைப்பு வந்தது உண்மைதான். சர்க்கரை ஏறிக் கிடந்ததும், மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்கு இனிப்பான தே தாரிக் டீ குடிக்க ஓடியதும் உண்மையில்லையா? அதையெல்லாம் யாரும் பேசவில்லை. செடி மாட்டிக்கொண்டது, செடியோடு நானும். சாவன்றே யாரோ பூவை அறுத்து எறிந்துவிட்டதால், நாத்தனார் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பார்த்துவிடலாம் ஒரு கை என்று, தொட்டியை ஈப்போ வீட்டு வாசலில் கேட்டருகே தூக்கி வைத்தேன். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். மறுபடி பூத்தது. எங்கள் தாமான் குடியிருப்பில் சிலர் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடந்தார்கள். நான் தினமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஒன்றும் ஆகவில்லை. போன் போட்டு நாத்தனாரிடம் சொன்னேன்.

"வாசல்ல வச்சா ஒண்ணும் செய்யாதுலா. பின்பக்கம் வச்சாத்தான்."

பின்பக்கம் வைத்தேன். அங்கேயும் பூத்தது, அங்கேயும் நான் சாகவில்லை. மறுபடி போன் போட்டேன்.

"எடுக்க வேண்டியத எடுத்துருச்சு. இனிமே உன் வீட்டுல எடுக்க என்ன இருக்கு?" என்றார். போனைப் பட்டென்று வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் நாத்தனார் தைப்பிங்கிலிருந்து வந்தார். பொங்கல் பானைக்கு மஞ்சள் செடி வேண்டுமாம். பின்பக்கம் போய், நான் தனியாகப் பிரித்து நட்டிருந்த பூக்காத வௌவால் கன்று ஒன்றைத் தொட்டியோடு தூக்கினார்.

"அண்ணி, அது மஞ்சள் இல்ல."

"எனக்குத் தெரியாத மஞ்சளா? குடுக்க மனசு இல்லன்னா நேரா சொல்லு!"

இலையைக் கசக்கி முகர்ந்திருந்தாலே தெரிந்திருக்கும். முகரவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அவருடைய பேரனுக்குக் காதுகுத்து. கருமாதிக்கு வந்த அதே சொந்தங்கள் கூடியிருந்தார்கள். தைப்பிங் மழையில் செடி தளதளவென்று வளர்ந்து, வாசலிலேயே பூத்து நின்றது. நாத்தனார் அதன் மீசையைத் தடவிக்கொண்டே என்னிடம் பெருமையடித்தார். "மஞ்சள்னு எடுத்தாந்தேன், பாத்தா ஏதோ ஆர்க்கிட்! இது வந்ததுல இருந்து வீட்டுல நல்ல காரியந்தான். வேணும்னா ஒரு கன்னு தாரேன்."

"அண்ணி, உங்க தம்பியக் கொன்ன பூ இதுதான்."

முகம் சுண்டிப்போனது. கையை எடுத்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்ப என் தம்பி ஏன்டி செத்தான்?" என்றார்.

"சக்கரைலதான். உங்களுக்கும் தெரியும்."

பாவமாகத்தான் இருந்தது. எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை.

"கருமாதியில எல்லாரும் கேக்கத்தான சொன்னீங்க? இதையும் அதே சத்தத்துல சொல்லுங்க அண்ணி. நான் இங்கயே நிக்கிறேன்."