இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அண்ணனுக்கு

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், மலத்தோடு ரத்தம் போவதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஆரணியில் பட்டு நெய்பவன். ஒரே கூடத்தில் என் தறியும் அண்ணன் தறியும் எதிரெதிராக இருந்தன. கருநீலக் கைலியாகக் கட்டி எட்டு மாதம் மறைத்தேன்.

அண்ணன் கண்டுபிடித்து, நாலு பேர் எதிரிலேயே கேட்டார்.

"இன்னாடா, குந்துற கோணியை மாத்திகினே கீறே? மூலமா?"

"ஆமாண்ணா."

"தறிக்குழியில குந்துறவனுக்கு அது வராம இருந்தாதான் அதிசயம். கருணைக்கிழங்கு துன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கிழங்கு தின்றேன். இன்னும் நான்கு மாதம் போயிற்று. இதைப் படிப்பவர் யாராவது அந்தக் கிழங்கை நம்பி இருந்தால், இன்றே டாக்டரிடம் போகவும்.

வேலூரில் ஒரு பெண் டாக்டர் உறை போட்ட விரலால் சோதித்தார். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்துக்கு வெட்கப்பட்டுத்தான் ஒரு வருடத்தைத் தொலைத்திருந்தேன். மலக்குடலில் (பெருங்குடலின் கடைசிச் சாண்) புற்று. ஆசனவாயோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். இடப்பக்க வயிற்றில் செயற்கை மலவாய் (குடல் முனையை வெளியே இழுத்துத் தோலோடு தைத்த திறப்பு) வைத்தார்கள்.

எட்டாம் நாள் அண்ணன் பார்க்க வந்தார். டாக்டர் என்னை விட்டுவிட்டு அண்ணன் முகத்தையே பார்த்தார். அவர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரொம்ப வெளுத்திருக்கீங்க. உள்ள எங்கயோ ரத்தம் போகுது. உங்களையும் சோதிக்கணும்."

"எனக்கு ஒரு சொட்டு ரத்தம் போனதில்லம்மா. அவன் நோவை எம்பேர்ல எழுதாதீங்க."

வெளியே போகும்போது அண்ணன் என்னிடம் சொன்னார்: "உன் நாத்தத்துக்கு என்னையும் கூட்டு சேக்கப் பாக்குறியா?"

வீடு திரும்பியபோது இரண்டு தறிக்கும் நடுவில் கோணித்திரை தொங்கியது. கல்யாணப் பட்டில் நாற்றம் ஏறுமாம். நெய்த துணி சுற்றும் மரம் என் திறப்பில் இடித்தது. பழந்துணியை மடித்து அணைகொடுத்து நெய்தேன். திரைக்கு அந்தப்பக்கம் அண்ணன் மூச்சு வாங்குவது கேட்கும். நாலு இழை ஓட்டுவார், நிறுத்துவார். சத்து டானிக் குடிப்பார்.

டாக்டர் சொன்னதை நான் இரண்டாம் தரம் சொல்லவில்லை. கூச்சம் மட்டும் காரணமில்லை. "நல்லா வேணும்" என்று உள்ளே ஒரு மூலையில் இருந்தது. எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டால் மீதி எழுதியது பொய்.

ஒன்றரை வருடம் கழித்து அவர் தறியிலேயே சாய்ந்தார். வலப்பக்க அடிவயிற்றில் கட்டி. கல்லீரலுக்கும் பரவியிருந்தது. டாக்டர் ஒரு தாளில் 'ப'வைத் தலைகீழாகப் போட்டுக் காட்டினார்.

"இதுதான் பெருங்குடல். நம்ம வலப்பக்கத்துக் கோட்டுக்கு அடியில ஆரம்பிக்குது. அங்க குடல் அகலம், மலமும் தண்ணியா இருக்கும். கட்டி பெருசானாலும் சீக்கிரம் அடைக்காது. ரத்தம் கசிஞ்சு மலத்தோட கலந்துடும், கண்ணுக்குத் தெரியாது. ரத்தசோகை (ரத்தத்தில் சத்துக் குறைவு) மட்டும்தான் காட்டும். உங்களுக்கு வாசப்படியிலயே வந்துது. அதான் ரத்தத்தைப் பாத்தீங்க."

"எடந்தான் காரணமாங்க?"

"எடம் மட்டும் இல்ல. எடத்தால தெரியல. தெரியாததால நாள் போச்சு."

மூன்று மாதத்தில் அண்ணன் போய்விட்டார். நான் அதே படத்தை அண்ணிக்குப் போட்டுக் காட்டினேன். அன்று டாக்டர் இமையை இழுத்துப் பார்த்ததையும் சொன்னேன். அண்ணி தாளைக் கசக்கி எறிந்தார்.

"ஒரே வவுத்துல பொறந்தீங்க, ஒரே நோவு. ரத்தமா கொட்டுனவன் குந்தி சோறு துன்றே. ஒரு சொட்டு விடாதவரு பூட்டாரு. ஏன் ரெண்டாந்தரம் சொல்லல?"

குனிந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. போன வருடம் அவர் மகன் தயாளனுக்கும் மூச்சு வாங்கத் தொடங்கியது. இப்போது அண்ணன் தறியில் அவன்தான் நெய்கிறான். நான் அண்ணியின் வாசலில் போய் நின்றேன். "இமையை இழுத்துப் பாருங்க அண்ணி." கதவு சாத்தப்பட்டது. மறுநாள் நின்றேன். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் தயாளன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"பேஜார் புடிச்ச மனுசன்மா இவரு. போயித் தொலைச்சிட்டு வந்துட்றேன்."

வேலூர்ப் பேருந்தில் அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் கடைசியில். சோதித்ததில் ரத்தம் குறைவுதான். காரணம், குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

"வெறும் புழு! எம்புள்ளைக்குக் கத்தி தேடிகினு அலைஞ்சியே!" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி, புழுதான்" என்றேன். அந்த வார்த்தை வாய்க்கு இனிப்பாக இருந்தது.

விடிந்ததும் திறப்பைக் கழுவ ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்கு அப்புறம்தான் எனக்குக் காலை. இடப்பக்கம் ஓயாமல் பேசுகிறது, அதோடு பழகிவிட்டேன். வலப்பக்கத்தைத்தான் தினமும் நாலு விரலால் அழுத்திப் பார்க்கிறேன். ஒன்றும் சொல்லாத இடத்தை இப்போது நம்ப முடிவதில்லை.

கோணித்திரை இன்னும் தொங்குகிறது. அந்தப்பக்கம் தறிச்சத்தம் நின்றால் "தயாளா" என்று கூப்பிடுகிறேன்.

"உசுரோடதான் கீறேன் சித்தப்பா!" என்று எரிந்து விழுகிறான்.

இரண்டாம் தரமும் கூப்பிடுகிறேன்.